சாமை மிஷினோடு குண்டனி நாட்டுக்கு

நான் வாயை மூடிக்கொண்டு போய் வந்த பயணம் என் ஆயுளில் ஒன்றே ஒன்றுதான். அதைப் பற்றி எழுதச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. அப்போது பேசாமல் விட்டதையெல்லாம் இப்போது சொல்லிவிடலாம் அல்லவா?

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சேலத்தில் ஒரு கொல்லுப்பட்டறையில் துருத்தி ஊதினேன். பிறகு சொந்தப் பட்டறை போட்டுக் கரும்பாலை செய்து விற்றேன். என் ஆலை ஓடாத கரும்புக்காடு எங்கள் ஜில்லாவில் எங்காவது இருந்தால் சொல்லுங்கள், நானே கொண்டுபோய் ஒன்று நட்டுவிட்டு வருகிறேன். இப்படிப்பட்டவனை ஒரு பொறியியல் கல்லூரியில் கூப்பிட்டு, மாலை போட்டு, மேடையில் ஏற்றிவிட்டார்கள்.

கூப்பிட்டவர் புரொபசர் வரதராஜன். சீமையில் படித்தவர். ஆனாலும் மனிதர் தங்கம். அந்த வருஷம் அவர் புதிதாக ஒரு வகுப்பு ஆரம்பித்திருந்தார். புதுச் சாமான் ஒன்றை யோசிக்க வேண்டும், செய்ய வேண்டும், விற்கவும் வேண்டும். அதுதான் பாடம். பிரின்சிபாலுக்கு அது பிடிக்கவே இல்லை. "பாலம் கட்டப் படிக்க வந்தவர்களைப் பாத்திரக் கடையில் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள்" என்று மேடையிலேயே சொன்னார்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "உங்கள் பையன்கள் செய்த சாமானைக் கொல்லிமலை மேலேகூட விற்றுக் காட்டுகிறேன்" என்று மைக்கில் முழங்கினேன். ஒரே கைதட்டல். தட்டாதவர் பிரின்சிபால் ஒருவர்தான். அவர் நிதானமாக எழுந்தார்.

"நீங்கள் விற்பீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பையன்கள் விற்கட்டும். நீங்கள் கூடப் போகலாம், விற்பதற்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. முன்பின் தெரியாதவர்கள் தங்களுக்கு வேண்டும் என்று கேட்டு வாங்க வேண்டும். வாங்கினால் வகுப்பு நடக்கும். இல்லாவிட்டால் இந்த வருஷத்தோடு மூடிவிடலாம்."

புரொபசர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வாயைக் கொடுத்தவன் நான், வகுப்பு அவருடையது.

வகுப்பில் மூன்று பேர் சேர்ந்து செய்திருந்த சாமை மிஷினைக் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. சந்தைக்கு மிளகு கொண்டுவந்த மலைப் பெண்களின் உள்ளங்கையில் உலக்கைக் காய்ப்பைப் பார்த்துவிட்டு வந்து தங்கவேலு யோசித்தது அது. ஈரோட்டுப் பக்கம் விவசாயம் பார்க்கிற காட்டுக்காரர் வீட்டுப் பையன், கை சும்மா இருக்காது. படம் போட்டது ஜோசப், திருச்சிக்காரன், எப்போதும் பசி. விற்பதற்கென்று மெட்ராஸ் பையன் சீனிவாசன். அவன் பேசினால் எனக்கே பொறாமையாக இருக்கும்.

மிஷின் இதுதான்: உள்ளே பழைய லாரி டயர் ரப்பர் ஒட்டிய இரண்டு வட்டுகள். வெளியே கைப்பிடி வைத்த சக்கரம். மேலே சாமையைக் கொட்டிச் சுற்றினால் உமி கழன்று, அடியில் இருக்கும் விசிறி அதை ஊதித் தள்ளி, அரிசி தனியாக விழும். என் பட்டறையில் செய்திருந்தால் கைப்பிடியை இன்னும் அழகாக வளைத்திருப்பேன். மற்றபடி குறை சொல்ல முடியாது.

முதல் நாள் என் லாரியிலேயே கிளம்பினோம். கோடை விடுமுறை, ரோட்டில் தார் உருகி ஓடுகிறது. மலை கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் டயர் வெடித்தது. ஜாக்கி என்னிடம் உண்டு, நல்ல ஜாக்கி, ஆனால் அது பட்டறையில் பத்திரமாக இருந்தது. வேலிக் கம்பம் ஒன்றைப் பிடுங்கி, ஒரு கல்லின் மேல் வைத்து, லாரிக்கு அடியில் கொடுத்து நாங்கள் ஏறி மிதித்தோம். லாரி அசையவில்லை. புரொபசர் குனிந்து பார்த்து, "கல்லை ஒரு முழம் இப்படித் தள்ளுங்கள்" என்றார். தள்ளியதும் லாரி பூனைக்குட்டி மாதிரி எழுந்தது. படிப்பிலும் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டேன்.

மலையடிவாரத்துக் காரவள்ளியோடு லாரி நின்றுவிட்டது. அப்போது மலைக்கு ரோடு கிடையாது. அதற்கு மேல் அவரவர் கால்தான் வண்டி. சந்தையில் சொல்லி அனுப்பியிருந்ததால், மிஷினைக் கழற்றி மூங்கிலில் கட்டித் தூக்க மலையிலிருந்து ஆட்கள் இறங்கி வந்திருந்தார்கள். அவர்களில் வெள்ளையன் என்பவன் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"ஏனுங்க, இது என்ன வேலைக்குங்க?"

"சாமை குத்தறதுக்குங்க" என்றான் தங்கவேலு.

"அப்ப எங்க ஊட்டுப் பொம்பளைங்க கைக்கு வேலையில்லாம எங்களைக் குத்துவாங்களேங்க!"

சுமை தூக்க வந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சிரித்த வேகத்தில் கயிறு நழுவியது. சக்கரம் தரையில் இறங்கி, ஒரு கணம் யோசித்து, பிறகு சரிவில் உருண்டு ஓட ஆரம்பித்தது. "டேய், அது ஊருக்குத் திரும்பிப் போவுதுடா!" என்று வெள்ளையன் கத்தினான். மூங்கில் புதரொன்று அதைப் பிடித்து நிறுத்தியது. எடுத்துவரப் போன ஜோசப் திரும்ப வெகுநேரமாகிவிட்டது. ஒரு தோளில் சக்கரம், மறு கையில் பாதிப் பலாப்பழம். கீழே விறகு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் கொடுத்தார்களாம். அந்தப் பலாச்சுளைக்கு முன்னால் எங்கள் சேலத்து மாம்பழம் கொஞ்சம் தலை குனியத்தான் வேண்டும். இதைச் சொல்ல எனக்கே மனசில்லை, உண்மை என்பதால் சொல்கிறேன்.

மலை மேல் சில ஊர்கள் சேர்ந்தால் அது ஒரு நாடு. குண்டனி நாட்டில் நாங்கள் போன சிற்றூரின் எல்லையில் ஒரு கல் நட்டிருந்தது. அதைத் தாண்டிச் செருப்புப் போடக் கூடாது. நான் ஒரு உதறலில் கழற்றிவிட்டேன். புரொபசர் போட்டிருந்ததோ சீமை பூட்ஸ். அவர் ஒவ்வொரு கண்ணியாகக் கயிற்றைக் கழற்றுவதை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது.

ஊர்க்கவுண்டர் வீட்டில் இடம் கொடுத்தார்கள். சாமைச் சோறு, மொச்சைக் குழம்பு, அதில் இடித்துப் போட்ட மிளகின் காரம் காது வரை ஏறியது. கவுண்டர் அமைதியான மனிதர். அவருடைய மனைவி பாப்பாயிக்கு அமைதி என்றால் என்னவென்று தெரியாது. சாப்பிடும்போது கவுண்டர் ஊர் வழக்கத்தைப் பெருமையாகச் சொன்னார்: "எங்க ஊருல யாருக்கு எந்த வேலைன்னு சண்டையே இல்லீங்க. களத்து வேலை ஆம்பளை வேலை. தானியம் தவசம் களத்தைத் தாண்டி ஊட்டுக்கு வந்திருச்சுன்னா பொம்பளை வேலை. பெரியவங்க காலத்துல இருந்து அப்படித்தானுங்க."

"களத்து வேலை வருசத்துல ஒரு மாசம், ஊட்டு வேலை வருசமெல்லாம். அதையும் சொல்லுங்க" என்றாள் பாப்பாயி, இன்னொரு கரண்டி சோறு போட்டபடி. கவுண்டர் இருமினார்.

இரவு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். சேலத்தில் அந்நேரம் என் வீட்டார் விசிறியும் கையுமாகப் புரண்டுகொண்டிருப்பார்கள்.

இரண்டாம் நாள் என்னை எழுப்பியது உலக்கைச் சத்தம். ஊருக்கு நடுவே ஒரு பெரிய பாறை. அதில் குழி குழியாக உரல்கள் வெட்டியிருந்தார்கள். ஒரு குழிக்கு இரண்டு பெண்கள், மாற்றி மாற்றிக் குத்துகிறார்கள். உலக்கை ஓயலாம், பேச்சு ஓயாது. யார் வீட்டு மருமகள், யார் வீட்டு மாடு, எல்லாம் அந்தப் பாறையில்தான் அலசப்படுகிறது. ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை.

காபி கிடையாது. சுக்குத் தண்ணீரைக் குடித்துவிட்டு மிஷினை மாட்டினோம். கூட்டம் கூடியதும் சீனிவாசன் தொண்டையைச் செருமினான். "தாய்மார்களே! பெரியோர்களே! விஞ்ஞான யுகத்தின் வாசலிலே நின்றுகொண்டு..."

"ஏஞ்சாமி, ஓட்டுக் கேக்க வந்திருக்கறியா?" என்றாள் பாப்பாயி.

சிரிப்பு அடங்கியதும் தங்கவேலு சாமையைக் கொட்டிச் சுற்றினான். கீழே அரிசி விழவில்லை. பிசுபிசுவென்று மாவு விழுந்தது. இன்னும் கொஞ்சம் சுற்றினான். இன்னும் கொஞ்சம் மாவு. சீனிவாசன் முகம் சுருங்கிவிட்டது. புரொபசர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கோ நாக்கு துடிக்கிறது. இதே இடத்தில் நான் என்றால் மாவையே விற்றிருப்பேன்! ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. வெற்றிலையை வாய் நிறைய அடைத்துக்கொண்டேன்.

தங்கவேலு இரண்டு சாமையை எடுத்துக் கடித்துப் பார்த்தான். "ஈரம்" என்றான். அவர்கள் கல்லூரியில் சோதித்தது கடையில் வாங்கிய சாமை, சமவெளி வெயிலில் காய்ந்து சுக்கானது. இங்கே மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து போகிறது. குதிரில் கிடந்தாலும் தானியம் நமுத்துத்தான் இருக்கும். குத்துவதற்கு முன்னால் அடுப்புக்கு மேலே பரணில் போட்டுச் சூடு காட்டினால் சரியாகிவிடும் என்று அவனும் ஜோசப்பும் முடிவு கட்டினார்கள். வட்டுகளுக்கு நடுவே இடைவெளியையும் கொஞ்சம் கூட்டினார்கள்.

பாப்பாயி அந்த மாவை வீணாக்கவில்லை. மத்தியானம் களி கிண்டிப் போட்டாள். "மிசினு நல்லாத்தான் இருக்குது கண்ணு. களி வேணும்னா சொல்லி உடறோம்." ஜோசப் மட்டும் மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு, களிக்காகவே மிஷினை அப்படியே வைத்திருக்கலாம் என்றான். சீனிவாசன் அவனோடு மாலை வரை பேசவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பரணில் காய்ந்த சாமையைக் கொட்டினோம். சக்கரம் சுற்றியது. உமி புகையாகப் பறந்தது. அரிசி பொலபொலவென்று முத்து மாதிரி விழுந்தது. பெண்கள் கையில் அள்ளி அள்ளிப் பார்த்தார்கள். உள்ளங்கைக் காய்ப்பின் மேல் அந்த அரிசியை உருட்டிப் பார்த்தார்கள். ஒருத்தி சக்கரத்தைத் தானே சுற்றிப் பார்த்துவிட்டு, "காத்தாட்டம் ஓடுதுடி!" என்று கூவினாள். எனக்கு மார்பு விம்மியது. விற்றாயிற்று என்றே நினைத்தேன்.

ஒருவரும் வாங்கவில்லை.

சீனிவாசன் வீடு வீடாகப் போனான். எல்லா வீட்டிலும் உட்காரச் சொன்னார்கள், மலைவாழைப்பழம் கொடுத்தார்கள், மிஷினைப் புகழ்ந்தார்கள். "நல்ல சாமானுங்க. பக்கத்தூட்டுக்காரரு வாங்குனா எங்களுக்கு ரொம்பச் சந்தோசமுங்க" என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். கடைசி வீட்டிலிருந்து அவன் பழம் நிறைந்த வயிற்றோடும் வெறுங்கையோடும் வந்து உட்கார்ந்தான். புரொபசர் அவன் தோளில் தட்டிக் கொடுத்தார், ஆனால் அவர் குரலே இறங்கிப் போயிருந்தது. "வகுப்பு போனாலும் பரவாயில்லை, நல்ல பாடம்" என்றார். போனாலும் பரவாயில்லை என்று சொல்பவரின் முகமா அது!

தங்கவேலு மட்டும் பாப்பாயியிடம் போய் நேராகவே கேட்டான். "ஏனுங்கக்கா, மிஷின் புடிச்சிருக்குதுங்கறீங்க. அப்புறம் ஏனுங்க யாரும் வாங்க மாட்டேங்கறீங்க?"

"கண்ணு, நான் ஒருத்தி வாங்கி எம்பட ஊட்டுல வெச்சுக்கறேன்னு வெய்யி. விடிஞ்சா ஊரே எம்பட வாசல்ல வந்து நிக்கும். இல்லேன்னு சொல்ல முடியுமா? கூலி குடுன்னுதான் கேக்க முடியுமா? இங்க அதெல்லாம் கேக்கற பழக்கமில்லை. நான் மட்டும் குத்தாம நோவாம திங்கறேன்னு பேச்சு வேற வரும். அந்தப் பாறை யாருது? ஊருது. ஒரலு யாருது? ஊருது. தனியா ஒருத்தர் வெச்சுக்கற சாமானா இது?"

தங்கவேலு ஓடி வந்து சொன்னதும் சீனிவாசன் துள்ளி எழுந்தான். "சார், நாம் வீடு வீடாக விற்றோம். வாங்குகிற ஆள் வீடு இல்லை சார், ஊர்!" புரொபசர் அவனைக் கட்டிக்கொண்டார். நான் வெற்றிலையை விழுங்கியே விட்டேன்.

ஊருக்குப் பொதுவாக ஒரு மிஷின் என்று சீனிவாசன் போய்ச் சொன்னதைக் கவுண்டர் பொறுமையாகக் கேட்டார். "வந்த விருந்தாளிங்க மனசு கோணக் கூடாதுங்க. ஆனா ஊரு ஒரு சாமான் வாங்கோணும்னா, மொதல்ல கோயில்ல பூக்கேக்கோணுமுங்க."

வெள்ளைப் பூவை ஓர் இலையிலும் சிவப்புப் பூவை இன்னோர் இலையிலும் பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். கேள்வியைச் சொல்லி, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். ஜனங்களின் விருப்பத்தை விசாரித்து அறிவது எப்படி என்று புரொபசர் ஒரு மாதம் பாடம் நடத்தியிருக்கிறார். பூக்கேட்பது மட்டும் அதில் இல்லை.

நான்காம் நாள் ஊரே கோயிலில் கூடியது. கவுண்டர் கும்பிட்டுக் கேட்டார்: "சாமி, ஒரலுப் பாறையில இந்த மிசினை நட்டலாமுங்களா?"

குழந்தை எடுத்தது. பிரித்தார்கள். சிவப்பு.

கவுண்டர் எங்களைப் பார்த்துக் கை கூப்பினார். புரொபசர் மெல்லத் தலையாட்டிவிட்டு, பூட்ஸ் விட்ட எல்லைக் கல் எந்தப் பக்கம் என்று பார்த்தார். முப்பது வருஷமாக ஆலை விற்றவன் நான். வேண்டாம் என்ற எத்தனை பேரை மாற்றியிருப்பேன்! ஆனால் சாமியே வேண்டாம் என்றால் என்ன செய்வது? அதற்கு என்னிடமும் வித்தை கிடையாது.

அப்போது பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல், தணிந்து, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி: "சாமி சரியாத்தாஞ் சொல்லியிருக்குது. பாறையில வெச்சா இந்த ஆம்பளைங்க வேடிக்கை பாக்கறேன்னு அங்கயே குந்திக்குவாங்க. அப்புறம் நாம எங்க போயிப் பேசறது?" பாப்பாயிதான்.

சீனிவாசன் கோயில் பக்கமே தலை வைத்துப் படுக்காதவன். அவன் கவுண்டர் முன்னால் போய்ப் பணிவாக நின்றான். இந்தத் தடவை மேடைப் பேச்சு இல்லை. "ஐயா, சாமி பாறையிலே வேண்டாம்னுதானே சொல்லியிருக்கு? மிஷினே வேண்டாம்னு சொல்லலையே. வேற இடத்தைச் சொல்லிக் கேக்கலாமா?"

கவுண்டர் பெரியவர்களைப் பார்த்தார். "கேக்கலாமுங்க. பொண்ணுப் பாக்கறப்பவே ஒரு எடம் ஆகாதுன்னா மறு எடம் கேக்கறமில்லீங்களா?" அவர் மறுபடி கும்பிட்டார். "சாமி, களத்து மேட்டுல வெக்கலாமுங்களா?"

குழந்தை எடுத்தது. வெள்ளை!

ஜோசப் விசிலடித்துவிட்டு, கோயில் என்று நினைவு வந்து வாயைப் பொத்திக்கொண்டான். வெள்ளையன் அவனைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். மிளகு விற்றதும் கிரயம் தருவதாக அங்கேயே பேசி முடித்தார்கள். ஆண்கள் ஆரவாரமாக மிஷினைத் தூக்கிக்கொண்டு போய்க் களத்தில் நட்டார்கள். எல்லாம் முடிந்து துண்டை உதறித் தோளில் போட்டபோதுதான் பாப்பாயி கூட்டத்துக்கு நடுவே வந்து நின்றாள்.

"மிசினு எங்க இருக்குது?"

"களத்துல" என்றார் கவுண்டர்.

"களத்து வேலை யாரு வேலை?"

பெண்கள் அத்தனை பேரும் ஒரே குரலில்: "ஆம்பளை வேலை!"

கவுண்டர் மிஷினைப் பார்த்தார். கோயிலைப் பார்த்தார். "அது... சாமி அந்த அர்த்தத்துலயா சொல்லுச்சு?"

"எங்களைக் கேட்டா? நீங்கதானுங்க கேட்டீங்க, சாமி சொல்லுச்சு. பெரியவங்க காலத்து வழக்கத்தை நாங்க மாத்த முடியுமுங்களா?"

"இந்தச் சக்கரத்தை நான் புதருலயே உட்டுட்டு வந்திருக்கோணும்" என்று வெள்ளையன் தலையில் கை வைத்துக்கொண்டான். அவன் மனைவி ஒரு கூடைச் சாமையை அவன் முன்னால் இறக்கி வைத்தாள். முதலில் சிரித்தவர் கவுண்டர்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல் சுற்றும் அவரே சுற்றினார். பெண்கள் களத்து வரப்பில் வரிசையாக உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, "இன்னும் வெரசாச் சுத்துங்க, ஒலை கொதிக்குது!" என்று விரட்டினார்கள். அன்றைக்குச் சாப்பிட்ட சாமைச் சோற்றின் ருசி எந்த ஓட்டலிலும் எனக்குக் கிடைத்ததில்லை. தேனும் ஊற்றினார்கள்.

புரொபசர் மட்டும் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "விருந்தாளிகள் மனம் கோணக் கூடாது என்று கவுண்டர் சொன்னாரே. பிரின்சிபால் கேட்டால் என்ன சொல்வார்? மரியாதைக்கு வாங்கியிருக்கிறார்கள், தங்களுக்கு வேண்டும் என்று வாங்கவில்லை என்பார். அதில் நியாயமும் இருக்கிறது" என்றார். அதற்கப்புறம் தேனும் இனிக்கவில்லை.

மறுநாள் காலை இறங்கினோம். சுமை இல்லாத இறக்கம், ஆனால் சீனிவாசன் வழியில் கிடந்த கல்லையெல்லாம் உதைத்துக்கொண்டு நடந்தான். பாதி வழியில், வேறொரு சிற்றூருக்குப் பிரிகிற ஒற்றையடிப் பாதையில், ஏழெட்டுப் பெண்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி ஒரு மரத்தடியில் அவர்கள் வீட்டு ஆண்கள், பஞ்சாயத்துக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் மாதிரி.

"மிசினுக்காரங்க நீங்கதானுங்களா?" என்றாள் முன்னால் நின்றவள்.

சீனிவாசன் தொண்டையைச் செருமினான்.

"பேச்செல்லாம் வேண்டாஞ் சாமி. பாப்பாயி எம்பட நாத்தனா. எல்லாஞ் சொல்லி உட்டுட்டா. எங்க ஊருக்கும் ஒண்ணு வேணும். எப்பக் கொண்டாருவீங்க?"

புரொபசர் பக்கத்திலிருந்த பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைத்தது கண்ணை. நாங்கள் கேட்காமல், முன்பின் தெரியாத ஓர் ஊர் வழியில் நின்று மறித்துக் கேட்கிறது! பிரின்சிபாலே வந்து நின்றிருந்தாலும் அதற்கு மேல் ஒரு சொல் சொல்ல முடியாது. அந்த வகுப்பு அந்தப் பாதையிலேயே பிழைத்துவிட்டது.

தங்கவேலு வழக்கம் தெரிந்தவனாகக் கேட்டான்: "ஊருல பூக்கேட்டாச்சுங்களாக்கா?"

"ராத்திரியே கேட்டாச்சு. வெள்ளை."

"எங்க வெக்கறதுன்னு கேட்டீங்க?"

அவள் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தாள். ஆண்கள் மண்ணைப் பார்த்தார்கள்.

"களத்துல வெக்கலாமான்னு மட்டுந்தான் கேட்டோம்" என்றாள். "வேற எடமெல்லாம் கேட்டுச் சாமியைத் தொந்தரவு பண்ணலீங்க."